பிரேக்கை மிதித்தால் நின்றுவிடும் கீச் சத்தம்

கேள்வி: வணக்கம் ஐயா. என் கார் ஆறு வருடப் பழசு, 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக முன்பக்க இடது சக்கரத்தில் ‘கீச்… கீச்… கீச்’ என்று ஒரு சத்தம். வண்டியை எடுத்தவுடன் வராது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகுதான் வருகிறது. மெதுவாகப் போகும்போது நன்றாகக் கேட்கிறது. பிரேக்கில் லேசாகக் கால் வைத்தால் நின்றுவிடும், எடுத்தால் மறுபடி வரும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் வீல் பேரிங் போய்விட்டது என்றார்கள். இன்னொரு இடத்தில் டிஸ்க், பேட் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்கள். பேட் மாற்றி ஒரு வருடம்தான் ஆகிறது. நண்பர் ஒருவர் கொஞ்சம் எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் போதும் என்கிறார். குழந்தைகளை வைத்து ஓட்டவே பயமாக இருக்கிறது. என்ன செய்வது, நானே பார்க்க முடியுமா? இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை: அந்தப் பக்க வீல் கப் மட்டும் எவ்வளவு துடைத்தாலும் சீக்கிரம் கறுத்துவிடுகிறது.

பதில்: வணக்கம். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த எண்ணெய் ஸ்ப்ரேயைப் பற்றிப் பேசிவிடுவோம். இதுவரை அடிக்கவில்லை என்றால் தயவுசெய்து அடிக்காதீர்கள். ஏற்கெனவே அடித்திருந்தால் காரை எடுக்காதீர்கள், பேடை மாற்றிய பிறகு எடுங்கள்.

பிரேக் வேலை செய்வதே உராய்வால்தான். சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடுதான் டிஸ்க், அதை இரு பக்கமும் இறுக்கி நிறுத்தும் கட்டைகள்தான் பேட். பேடின் மேல் உள்ள பொருள் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் நுண்ணிய துளைகள் நிறைந்தது, எண்ணெய் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும். டிஸ்க்கைத் துடைத்துவிடலாம், பேடுக்குள் இறங்கிய எண்ணெயை எடுக்க முடியாது. இப்படி ஸ்ப்ரே அடித்த ஒரு கார் ஒருமுறை என்னிடம் வந்தது. சத்தம் அடியோடு போய்விட்டது, இப்போது ஸ்டியரிங்தான் ஒரு மாதிரி இருக்கிறது என்றார் காரைக் கொண்டுவந்தவர். ஒர்க்‌ஷாப் வளாகத்துக்குள்ளேயே 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி பிரேக்கை அழுத்தினேன். ஸ்டியரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பியது. ஒரு சக்கரம் பிடிக்கிறது, இன்னொன்று வழுக்குகிறது. 20-லேயே இப்படி என்றால் 80-ல் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்கு உடம்பு நடுங்கியது. அந்தப் பேடுகளைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, உங்கள் சத்தத்துக்கு வருவோம். சம்பந்தம் உண்டா தெரியவில்லை என்று சொல்லிக் கடைசியாக எழுதினீர்களே, எனக்கு முதல் தடயமே அந்த வரிதான்.

வீல் கப்பில் படியும் கறுப்பு ரோட்டுத் தூசி இல்லை. பேடும் டிஸ்க்கும் தேய்ந்து உதிரும் பொடி அது. எல்லாக் கார்களிலும் முன் சக்கரங்களில் கொஞ்சம் படியத்தான் செய்யும், ஆனால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகக் கறுத்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது. அந்தப் பக்கத்து பேட், நீங்கள் காலை எடுத்த பிறகும் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால் எதிர்ப்பக்கத்து பிரேக் சரியாகப் பிடிக்காமல், எல்லா வேலையையும் இந்தப் பக்கமே செய்துகொண்டிருக்கிறது. நீங்கள் எழுதிய மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்தால் உங்கள் காரில் நடப்பது முதலாவது என்றே நினைக்கிறேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைத்தான். இடம் ஏமாற்றும். இடப்பக்கம் ஒரு மதில் இருந்தால் வலப்பக்கச் சத்தம்கூட இடப்பக்கத்திலிருந்து வருவதுபோல் கேட்கும். நேரம் அப்படி ஏமாற்றாது. உங்கள் கடிதத்தில் அந்த ‘எப்போது’ மிகத் தெளிவாக இருக்கிறது. வண்டி சூடானதும் வருகிறது, பிரேக்கைத் தொட்டால் நிற்கிறது. இந்த இரண்டை வைத்தே பாதி சந்தேகங்களைத் தள்ளிவிடலாம்.

பேரிங், அதாவது சக்கரம் வழுக்கிச் சுழலத் தாங்கும் பாகம், போய்விட்டது என்று சொன்னார்கள் அல்லவா? போன பேரிங் பெரும்பாலும் கீச்சிடாது. ‘உர்ர்ர்’ என்று அடித்தொண்டையில் உறுமும். வேகம் ஏற ஏற உறுமலும் ஏறும். பிரேக்கில் லேசாகக் கால் வைப்பதால் அது அடங்கிவிடாது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: போக்குவரத்து இல்லாத அகலமான ரோட்டில் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஸ்டியரிங்கை மெதுவாக வலது பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். வண்டியின் பாரம் இடது சக்கரத்தின் மேல் சாயும். இடது பேரிங் போயிருந்தால் அப்போது உறுமல் அதிகமாகும், இடது பக்கம் திருப்பினால் குறையும். உங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை என்றால் பேரிங்கைத் தொடவேண்டாம்.

காலையில் முதல் முறை நகர்த்தும்போது, அல்லது மழைக்குப் பிறகு, சர்ர் என்று உரசி நாலைந்து பிரேக்கில் காணாமல் போகும் சத்தம் பலருக்கும் வரும். இரவில் டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு அது. டிஸ்க் வார்ப்பிரும்பு, ஈரம் பட்டால் சில மணி நேரத்திலேயே துரு பூக்கும். அதற்கு ஒன்றும் செய்யவேண்டியதில்லை. உங்களுடையது நேர்மாறு. குளிர்ந்திருக்கும்போது அமைதி, சூடான பிறகு சத்தம்.

இதைப் புரிந்துகொள்ள, பேடுகளை டிஸ்க்கில் இறுக்கும் கவ்வியான காலிப்பருக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும். இது தெரிந்துவிட்டால் அடுத்த தடவை யார் எதை மாற்றச் சொன்னாலும் ஏன் என்று உங்களால் கேட்க முடியும்.

பெரும்பாலான கார்களின் முன் சக்கரத்தில் பிஸ்டன் ஒன்றுதான், அது உள்பக்கம் இருக்கும். பிரேக்கை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்து உள் பேடை டிஸ்க்கில் தள்ளும். உள் பேட் டிஸ்க்கில் முட்டி நின்றதும், அதே அழுத்தம் காலிப்பரின் உடம்பையே பின்னால் நகர்த்தும். அது நகரும்போது வெளிப் பேடை மறுபக்கத்திலிருந்து டிஸ்க்கோடு சேர்த்து இறுக்கும். விரலும் கட்டைவிரலுமாக ஒரு தட்டைப் பிடிப்பதுபோல. காலிப்பர் இப்படி முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு வழுவழுப்பான பின்கள் (உருண்டையான இரும்புக் கம்பிகள்) இருக்கின்றன. மழையும் மண்ணும் போகாமல் அவற்றின் மேல் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை போட்டிருக்கும்.

காலை எடுத்தால் பேட் எப்படி விலகுகிறது? ஸ்பிரிங் இழுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, குறுக்கே வெட்டிப் பார்த்தால் சதுரமாக இருக்கும். பிஸ்டன் வெளியே வரும்போது அந்த வளையம் வழுக்காமல் பிஸ்டனோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் போனதும் முறுக்கு அவிழ்ந்து பிஸ்டனைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே கிடைக்கும் இடைவெளியும் அவ்வளவே. ஒரு பின் துருப்பிடித்து இறுகினாலோ, பிஸ்டன் ஓரத்தில் அழுக்கு ஏறினாலோ, இந்த மயிரிழை இடைவெளி போய்விடும். பேட் டிஸ்க்கோடு ஒட்டியபடியே சுற்ற ஆரம்பிக்கும்.

இப்போது உங்கள் அறிகுறிகளைப் பொருத்திப் பாருங்கள். வண்டியை எடுக்கும்போது எல்லாம் குளிர்ந்திருக்கிறது, பேட் உரசியும் உரசாமலும் இருக்கிறது. பதினைந்து நிமிட உரசலில் சூடேறி எல்லாம் கொஞ்சம் விரிகிறது, இருந்த இடைவெளியும் அடைபடுகிறது. எந்த டிஸ்க்கும் துளிகூட ஆடாமல் சுற்றாது, நல்ல டிஸ்க்கிலேயே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு ஆட்டம் இருக்கும். அந்த மேடான இடம் பேடைக் கடக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கீச். பிரேக்கை லேசாக அழுத்தினால் அதுவரை அரைகுறையாகத் தொட்டு அதிர்ந்துகொண்டிருந்த பேட் அசையாமல் பிடிபடுகிறது. அதிர்வு நிற்கிறது, சத்தமும் நிற்கிறது. வேகம் கூடினால் சத்தம் நிற்பதில்லை, காற்றும் டயர் இரைச்சலும் அதை மூடிவிடுகின்றன, அவ்வளவுதான்.

பேட் மாற்றி ஒரு வருடம்தான் ஆகிறது என்பதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். புதுப் பேடில் உராயும் பகுதி சுமார் 10, 12 மில்லிமீட்டர் இருக்கும். ஓயாமல் உரசும் பேட், பிரேக்கை மிதிக்காத நேரத்திலும் தேய்ந்துகொண்டே இருக்கிறது. நிறையப் பேடுகளில் ஒரு சின்ன எஃகுத் தகடு பொருத்தியிருப்பார்கள். பேட் 2, 3 மில்லிமீட்டருக்குத் தேயும்போது அந்தத் தகடு டிஸ்க்கைத் தொட்டுக் கிறீச்சிடும், மாற்றுங்கள் என்று சொல்வதற்காகவே வைத்த சத்தம் அது. உங்கள் கீச் சத்தம் அதுவாகவும் இருக்கலாம்.

இதில் கவனிக்கவேண்டியது உள் பேட். சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப் பேட் மட்டும்தான். பின் இறுகினால் இரண்டு பேடும் சமமாகத் தேயாது, பெரும்பாலும் உள் பேட்தான் முதலில் தீரும். வெளிப் பேட் நன்றாக இருக்கிறது என்று பார்த்து அனுப்பிய காரைக் கழற்றினால் உள்ளே 2 மில்லிமீட்டர் மிச்சம் இருந்ததை நான் பல தடவை கண்டிருக்கிறேன். எட்டிப் பார்த்தது மட்டும் போதாது, கழற்றித்தான் பார்க்கவேண்டும்.

கழற்றுவதற்கு முன் ஸ்பானர் இல்லாமல் செய்யக்கூடியது சில உண்டு. வீல் கப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரும்புச் சக்கரத்தில் பிளாஸ்டிக் கப் லேசாகத் தளர்ந்தால் சக்கரம் நெளியும்போதெல்லாம் கீச்சிடும், இதைக் கண்டுபிடிக்காமல் பேட், டிஸ்க், பேரிங் என்று வரிசையாக மாற்றியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சத்தம் பிரேக்குக்குக் கட்டுப்படுவதால் கப் மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை, ஆனாலும் ஒரு நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

அடுத்து எண்ணிக்கை. சிறிய காரின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.8 மீட்டர் உருளும். 10 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடிக்கு மூன்று கீச், 20 கிலோமீட்டரில் நொடிக்கு மூன்று கீச் வந்தால் சுற்றுக்கு ஒன்று என்று கணக்கு. அதாவது சத்தம் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பாகத்திலிருந்தோ அதை உரசும் பாகத்திலிருந்தோதான் வருகிறது. வேகத்தோடு சம்பந்தமே இல்லாமல், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் வந்தால் அது வேறு கதை. சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் சஸ்பென்ஷன் பாகங்களில், லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் கம்பியின் ரப்பர், பால் ஜாயின்ட் என்று அந்தப் பக்கம் தேடவேண்டும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வண்டியை நகர்த்தும்போது ‘டக் டக் டக்’ என்றால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயின்ட்.

மூன்றாவது சூடு. பிரேக்கை முடிந்தவரை குறைவாகப் பிடித்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தும்போதும் முன்கூட்டியே ஆக்சிலரேட்டரை விட்டு, தானாக வேகம் குறைய விட்டு நிறுத்துங்கள். இறங்கி இரண்டு முன் சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடவேண்டாம், உரசிக்கொண்டிருந்த டிஸ்க் கையைப் பொசுக்கிவிடும். இடது பக்கம் அனல் வீசி வலது பக்கம் சாதாரணமாக இருந்தால், பேட் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது உறுதி. எனக்கு இந்த ஒரு சோதனை மேல் உள்ள நம்பிக்கை வேறு எதன் மேலும் கிடையாது.

நீங்களே பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். சக்கரம் மாற்றிப் பழக்கம் இருந்தால் கழற்றிப் பார்க்கும் அளவுக்கு முடியும். பழக்கமே இல்லை என்றால் பிரேக்கில் ஆரம்பிக்கவேண்டாம், பழகியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். செய்வதாக இருந்தால் சமதளமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். கைப்பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பதற்காகக் கியரை நியூட்ரலில் வைக்கப் போகிறோம், அதனால் இந்தக் கட்டைகள் இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது. வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கியில் ஏற்றுங்கள். ஏற்றியதும் கீழே ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி கையையோ காலையோ காருக்கு அடியில் விடாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றும் முன் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். லேசாக ஸ்ஸ் என்று உரசி ஒன்றிரண்டு சுற்று ஓடினால் சரி. கையை எடுத்ததும் டப்பென்று நின்றால் பிடித்திருக்கிறது. வலது பக்கத்தையும் இதேபோல் ஏற்றிச் சுற்றிப் பாருங்கள். இந்தக் காரில் எவ்வளவு உரசல் இயல்பு என்பதை அந்தப் பக்கம்தான் சொல்லும். அப்படியே மேலும் கீழும் பிடித்துச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள், கடகட ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயின்டோ பார்க்கவேண்டும்.

சக்கரம் வந்ததும் டிஸ்க்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகரம் தெரியும். அதை டிஸ்க் பக்கமாக யாராவது வளைத்திருக்கிறார்களா, நடுவில் கல் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குன்றிமணி அளவுக் கல் ஒன்று போதும், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும். தகரம் வளைந்திருந்தால் விரலால் தள்ளி நேராக்கிவிடலாம். அங்கே படிந்திருக்கும் கறுப்புப் பொடியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள், அது நுரையீரலுக்குக் கெடுதல். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ்கூட இருந்தது. பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்து நனைத்துத் துணியால் துடைத்து எடுங்கள். பிரேக்கில் அடிக்கக்கூடிய ஸ்ப்ரே அது ஒன்றுதான்.

காலிப்பரின் கீழ் பின் போல்ட்டைக் கழற்றினால் பல கார்களில் காலிப்பரைக் கதவு மாதிரி மேலே தூக்கிவிடலாம். மேல் போல்ட்டையும் கழற்றினால் காலிப்பரைக் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும். இப்போது இரண்டு பேடையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடிமனைப் பாருங்கள். பின்னால் உள்ள இரும்புத் தகட்டைச் சேர்க்காமல், உராயும் பகுதியை மட்டும் அளக்கவேண்டும். ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசம் இருந்தால், அல்லது ஒரே பேட் ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு மாதிரி தேய்ந்திருந்தால், காலிப்பர் நகரவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பின்களைக் கையால் இழுத்துப் பாருங்கள். நல்ல பின் விரலால் தள்ளினாலே உள்ளே போகும், விட்டால் மெதுவாகக் கொஞ்சம் வெளியே வரும். இறுகிய பின்னை முறுக்கி முறுக்கித்தான் வெளியே எடுக்கவேண்டும். வந்ததும் அதன் மேல் கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்புப் பசை மாதிரி ஒன்று காய்ந்து ஒட்டியிருக்கும், துருவும் பழைய கிரீஸும் கலந்தது. ரப்பர் உறையின் மடிப்பை விரித்துப் பார்த்தால் எங்காவது ஒரு நூலளவு கிழிசல் இருக்கும். தண்ணீர் போன வழி அது. போன வருடம் பேட் மாற்றும்போது பின்னைக் கழற்றித் துடைக்காமல் பேடை மட்டும் மாற்றியிருந்தால் இந்த நிலைமை வரத்தான் செய்யும்.

பின்னையும் அது போகும் துளையையும் பிரேக் கிளீனர் போட்டு நன்றாகத் துடையுங்கள். மேல் பின்னும் கீழ் பின்னும் சில கார்களில் வேறு வேறாக இருக்கும், ஒன்றில் சின்ன ரப்பர் குழாய் போட்டிருப்பார்கள், இடம் மாறிவிடாமல் பாருங்கள். பின்னின் மேல் குழி குழியாகத் துரு தின்றிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்கவேண்டாம், பின்னையும் ரப்பர் உறையையும் புதிதாகப் போடுங்கள். இரண்டும் சின்ன உருப்படிகள், பெரும்பாலும் ஒரே செட்டாகக் கிடைக்கும்.

கிரீஸ் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ் கேட்டு வாங்குங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் பெட்ரோலியத்திலிருந்து வருவது, அது பட்டால் பிரேக்கில் உள்ள ரப்பர் உப்பிவிடும். உப்பிய ரப்பர் பின்னை மறுபடி இறுக்கிப் பிடிக்கும், ஆறு மாதத்தில் இதே கீச் சத்தத்தோடு திரும்பி வருவீர்கள். பிரேக் ஆயில் என்று நாம் வாய்க்கு வந்தபடி சொன்னாலும் அது எண்ணெய் வகையே இல்லை, பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைகால் வகைத் திரவம். அதற்கு ஏற்ற ரப்பர்தான் பிரேக் முழுக்க இருக்கிறது, எண்ணெய் பட்டால் அது தாங்காது. கிரீஸை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். துளைக்குள் அடைத்தால் பின் உள்ளே போகாமல் எதிர்த்துத் தள்ளும்.

இன்னொரு இடத்தையும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பேடின் இரு முனைகளும் உட்காரும் இடத்தில் மெல்லிய ஸ்டீல் கிளிப்புகள் இருக்கும். அவற்றுக்கு அடியில் துரு படிந்து கிளிப்பையே மேலே தூக்கிவிடும். பின் வழுக்கிக்கொண்டு ஓடினாலும் பேட் அங்கே கவ்விக்கொண்டு நிற்கும். கிளிப்பைக் கழற்றி, அடியில் உள்ள துருவை அரத்தாலோ கம்பி பிரஷ்ஷாலோ சுரண்டி எடுத்துவிட்டு, முடிந்தால் புதுக் கிளிப்பே போடுங்கள். பேட் விரலால் தள்ளினால் வழுக்கிப் போகவேண்டும், சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் துரு இருக்கிறது.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அது எப்படிப் போகிறது என்பதைக் கவனியுங்கள். பழைய பேடை வைத்து சி-கிளாம்ப்பால் மெதுவாக இறுக்கினால் ஒரே சீராகப் போகவேண்டும். போகும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் உயரும். வழிந்து பெயின்ட்டில் பட்டால் பெயின்ட்டை அரித்துவிடும், அதனால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் முரண்டு பிடித்தாலோ, அதைச் சுற்றிய ரப்பர் கிழிந்து உள்ளே துரு தெரிந்தாலோ அத்தோடு நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள், காலிப்பரைச் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும். பின்னும் நன்றாக இருந்து பிஸ்டனும் நன்றாக இருந்து பிடிப்பு மட்டும் விடவில்லை என்றால், ஹோஸைச் சந்தேகப்படுங்கள். பழைய ஹோஸ் உள்ளே சிதைந்து, பிரேக் ஆயிலைப் போக விட்டுத் திரும்ப விடாமல் அடைத்துக்கொள்ளும். சக்கரம் பிடித்திருக்கும்போது காலிப்பரின் பிளீடர் நிப்பிளை (காற்றை வெளியேற்ற வைத்திருக்கும் சின்னத் திருகு) கொஞ்சம் தளர்த்தினால் சக்கரம் விடுபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விடுபட்டால் அழுத்தம் உள்ளேயே தேங்கி நிற்கிறது, காரணம் பெரும்பாலும் ஹோஸ்தான்.

டிஸ்க்கை மாற்றவேண்டுமா? பார்த்தால்தான் சொல்லமுடியும், பார்க்காமல் மாற்றவேண்டாம். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பெரும்பாலான டிஸ்க்குகளிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றவேண்டும். ஆழமான பள்ளங்களோ வெடிப்போ இருந்தாலும், சூட்டில் நீலம் பாரித்து அதிர்வு தந்தாலும் மாற்றவேண்டும். நகத்தால் நிரடினால் லேசாகத் தட்டுப்படும் கோடுகளுக்காக மாற்றவேண்டியதில்லை. பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தாலோ ஆப்பு மாதிரி தேய்ந்திருந்தாலோ நான் மாற்றிவிடுவேன், மாற்றினால் வலது பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். வலது பக்கப் பின்களையும் அதே கையோடு துடைத்து கிரீஸ் போட்டுவிடுங்கள், இரண்டும் ஒரே வயதுதானே.

எல்லாவற்றையும் மாட்டியதும், காரை ஒரு அங்குலம்கூட நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலைப் பல தடவை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருக்கிறோம், முதல் சில மிதிக்குப் பெடல் அப்படியே தரைவரை போகும். பெடல் கெட்டியாக வந்த பிறகே கியரைப் போடுங்கள். இதை மறந்து சுவரில் முட்டியவர்கள் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள். அப்படியே ஆயில் மட்டத்தையும் பாருங்கள்.

புதுப் பேட் போட்டிருந்தால் அதைப் பழக்கவேண்டும். காலியான ரோட்டில் 50-லிருந்து 10 கிலோமீட்டர் வரை மிதமாக பிரேக் பிடித்துக் குறையுங்கள், முழுக்க நிறுத்தவேண்டாம். கொஞ்ச தூரம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி ஆறவிட்டு மறுபடி. பத்துத் தடவை இப்படிச் செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும். இதைச் செய்யாமல் முதல் நாளே அழுத்திப் பிடித்துச் சூடேற்றினால் பேடின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளவென்று இறுகிவிடும், பிடிப்பும் குறையும், புதுசாக ஒரு கீச் சத்தமும் வரும்.

அதுவரை குழந்தைகளை வைத்து ஓட்டலாமா? சூட்டுச் சோதனையில் அனல் அதிகமாக இல்லாமல், பெடல் கெட்டியாக இருந்து, பிரேக் நேராகப் பிடித்தால் ஒர்க்‌ஷாப் வரைக்கும் நிதானமாகக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் நெடுந்தூரம் வேண்டாம், மலைப் பாதை அறவே வேண்டாம். தொடர்ந்து உரசும் பிரேக் சூடேறிக்கொண்டே போகும், அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்தால் பெடலில் அழுத்தமே இருக்காது. கீச் சத்தம் ‘கரகர’ என்று இரும்பு அரைபடும் சத்தமாக மாறினாலோ, கருகல் வாடை வந்தாலோ, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பெடல் மெத்தென்று இறங்கினாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஏற்பாடு செய்யுங்கள். குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எழுதியதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நீங்களே கழற்றவில்லை என்றால், ஒர்க்‌ஷாப்பில் டிஸ்க்கை மாற்றுங்கள் என்றோ பேரிங்கை மாற்றுங்கள் என்றோ கேட்காதீர்கள். இடது முன் காலிப்பரைக் கழற்றி, இரண்டு பேடையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், பின்கள் வழுக்குகிறதா பாருங்கள் என்று கேளுங்கள். சத்தம் சூடான பிறகு வருவதையும், பிரேக்கைத் தொட்டால் நிற்பதையும், வீல் கப் கறுப்பதையும் எனக்குச் சொன்ன மாதிரியே அவர்களிடமும் சொல்லுங்கள். முடிந்தால் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சத்தம் வந்துகொண்டிருக்கும்போதே போய் நில்லுங்கள். குளிர்ந்த வண்டியில் அவர்களுக்கும் எதுவும் கேட்காது.

சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசி இறுக்கம் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால். சுமார் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். வீல் கப்புகள் இரண்டையும் ஒரே நாளில் கழுவி வைத்து, இரண்டு வாரம் கழித்து எது முதலில் கறுக்கிறது என்று பாருங்கள். உள் பேடில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.